ஊர் என்ன சொல்லும்?

சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்ததும், சபர் போனவர்கள் விடுமுறையில் ஊர் திரும்பியதும், திருப்பனந்தாளைச் சுற்றியுள்ள நம் மஹல்லாக்களில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. சோழபுரம், திருமங்கலக்குடி, ஆடுதுறை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுத்தான். நிக்காஹ் மஜ்லிஸில் மஹர் இவ்வளவு என்று சபையறியச் சொல்லப்படுகிறது, தஃப்தரில் எழுதப்படுகிறது, சாட்சிகள் கையொப்பமிடுகிறார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட கைக்கூலியை எந்தத் தஃப்தரும் எழுதுவதில்லை. மார்க்கம் கொடுக்கச் சொன்னது சபையில் ஒலிக்கிறது. மார்க்கம் விலக்கியது அறைக்குள் எண்ணப்படுகிறது.

இதைக் கண்டித்து நம் ஆலிம் பெருமக்கள் பேசாத மேடை இல்லை. திருமறையின் 4-வது அத்தியாயம் 4-வது வசனம் மஹரை மணப்பெண்ணின் உரிமையாக்கி, அதை மனமுவந்து கொடுக்கும்படி கட்டளையிடுகிறது என்பதைக் கேட்டிராத முஸ்லிம் நம் பகுதியில் இருக்க முடியாது. அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம் என்று சொன்ன அந்தச் சட்டம், முஸ்லிம்களின் மஹர் அதில் சேராது என்றும் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. 1984-லும் 1986-லும் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. ஜும்ஆ பயானும் சர்க்கார் சட்டமும் ஒன்று சேர்ந்தும் அந்த அறைக் கதவைத் திறக்க முடியவில்லை.

என்ன காரணம் என்று கேட்டால், ‘ஈமான் பலவீனம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சொல்வதற்கு எளிதான பதில். ஆனால் ஐவேளைத் தொழுகையை ஜமாஅத்துடன் விடாமல் தொழுகிறவர், ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவர், வட்டி என்றால் விஷத்தைக் கண்டதுபோல் விலகுகிறவர், தம் மகனின் கல்யாணத்தில் மட்டும் கை நீட்டுகிறாரே, அவருடைய ஈமான் அந்த ஒரு நாள் மட்டுமா பலவீனமாகிவிட்டது? அவரைத் தனியே உட்கார வைத்துக் கேட்டால் அவர் சொல்லும் பதில் வேறு. ‘எனக்கு மனசே இல்லை, பாவா. வாங்காமல் விட்டால், பையனிடம் என்னவோ குறை இருக்கிறது, அதனால்தான் சும்மா கட்டிக்கொள்கிறான் என்று ஊர் சொல்லுமே!’ என்கிறார். பெண்ணைப் பெற்றவரும் ஊரைத்தான் காட்டுகிறார். ‘கொடுக்காமல் அனுப்பினால், பெண்ணைத் தள்ளிவிட்டான் என்று ஊர் சொல்லும்.’ மாப்பிள்ளையைக் கேட்டால் தாயாரைக் காட்டுவார். தாயாரோ ஊரைக் காட்டுவார்.

இந்த ‘ஊர்’ என்பவர் யார்? அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது? ஊரில் உள்ள ஒவ்வொருவரும் தம்மை நீக்கிவிட்டு மீதி உள்ளவர்களை ஊர் என்கிறார்கள். அப்படி எல்லோரும் தம்மை நீக்கிக்கொண்டால் மிச்சம் இருப்பது யார்? இந்தக் கேள்வியைத்தான் மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் சுமார் நூறு ஆண்டுகளாக வேறொரு முறையில் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கண்டறிந்ததில் மார்க்க அறிஞர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் எடுத்துக்கொள்ளத்தக்கது உண்டா, எடுத்துக்கொள்வது முறைதானா என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

1931-ல் அமெரிக்காவில் டேனியல் காட்ஸ், ஃப்ளாய்ட் ஆல்போர்ட் என்ற இருவர், மாணவர்களின் எண்ணங்களை ஆராய்ந்து எழுதிய நூலில் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் ‘பலரும் சேர்ந்திருக்கும் அறியாமை’ என்று சொல்லலாம். ஒரு வழக்கத்தைப் பெரும்பாலோர் மனத்துக்குள் வெறுக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் எல்லோரும் அதை விரும்புகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பால் அவரவரும் வழக்கத்தின்படி நடக்கிறார்கள். அப்படி நடப்பதைப் பார்த்து மற்றவர்களின் நினைப்பு இன்னும் உறுதியாகிறது. மனிதனின் மன நோயை அவனைத் தனியே ஓர் அறையில் வைத்துப் பார்த்தால் போதாது, அவன் வாழும் சமுதாயத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், அந்தச் சமுதாயத்து மக்களையும் ஆராய்ச்சியில் பங்காளிகளாக்க வேண்டும் என்று சொல்லும் ‘சமுதாய உளவியல்’ என்ற துறை, 1965-ல் அமெரிக்காவின் ஸ்வாம்ஸ்காட் என்ற ஊரில் கூடிய ஒரு மாநாட்டில் பெயர் பெற்றது. கல்வி நிலையங்களில் அதற்கு வயது அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வயது அதைவிட மிக அதிகம். ஹிஜ்ரி 6-ம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உம்ரா செய்யும் ஆவலோடு சுமார் 1,400 ஸஹாபாக்கள் இஹ்ராம் அணிந்து வந்திருந்தார்கள். மக்கா குறைஷிகள் தடுத்தார்கள். இந்த ஆண்டு திரும்பிப் போய்விட்டு அடுத்த ஆண்டு வருவது என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. ஸஹாபாக்களின் நெஞ்சு கனத்துப் போயிருந்தது. எழுத்து முடிந்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், எழுந்து குர்பானிப் பிராணிகளை அறுத்துத் தலையை மழித்துக்கொள்ளும்படி சொன்னார்கள். யாரும் எழவில்லை. மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் யாரும் எழவில்லை.

சொன்னவர்கள் யார், கேட்டவர்கள் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஈமானில் அந்த 1,400 பேருக்கு நிகராக இன்று யாரைச் சொல்ல முடியும்? கட்டளை மாறி வஹீ வந்துவிடாதா என்ற எதிர்பார்ப்பில் அவர்கள் தயங்கினார்கள் என்றும், துயரத்தின் மிகுதியால் செயலற்றுப் போனார்கள் என்றும் உலமாக்கள் விளக்கம் தருகிறார்கள். எப்படியிருந்தாலும், ஈமான் குறைவு என்ற பதில் அங்கே செல்லாது.

பெருமானார் (ஸல்) அவர்கள் கூடாரத்துக்குள் சென்று, துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் நடந்ததைச் சொன்னார்கள். அந்த அம்மையார் சொன்ன யோசனையின் சாரம் இதுதான்: வெளியே செல்லுங்கள், யாரிடமும் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், உங்கள் ஒட்டகத்தை நீங்கள் அறுங்கள், நாவிதரை அழைத்து உங்கள் தலையை மழித்துக்கொள்ளுங்கள். அப்படியே நடந்தது. கண்ணெதிரே அது நடந்ததும் அமர்ந்திருந்தவர்கள் அனைவரும் எழுந்தார்கள். ஒருவருக்கொருவர் தலை மழிப்பதில் நெரிசலே ஏற்பட்டது என்று ஸஹீஹுல் புகாரியில் வரும் அறிவிப்பு சொல்கிறது. சொல் மூன்று முறை கேட்டும் அசையாத கூட்டம், ஒரு செயலைக் கண்டதும் அசைந்தது. கூட்டத்தின் மனத்தைக் கூடாரத்துக்குள்ளிருந்தே படித்தறிந்தவர் ஒரு பெண்மணி என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது தேவைப்படும்.

மது விலக்கப்பட்ட நாளிலும் இந்தத் தன்மையைக் காண்கிறோம். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் மது பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்களே அதை அறிவிக்கிறார்கள். தெருவில் அறிவிப்புக் குரல் கேட்டது. மது தெருவிலேயே கொட்டப்பட்டது. மதீனாவின் வீதிகளில் ஓடியது. தன் வீட்டு மது மட்டுமின்றி அண்டை வீட்டு மதுவும் வீதிக்கு வந்துவிட்டதை ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்தார்கள். அதற்கு முன்னால் மனங்களைப் பதப்படுத்திய வசனங்கள் படிப்படியாக இறங்கியிருந்தன என்பதும் உண்மை. போதனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. போதனை மனத்தைத் திருப்புகிறது. திரும்பிய மனங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் இடமும் வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞர் அமெரிக்காவில் செய்த பரிசோதனை இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. போரினால் இறைச்சித் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்கும்படி இல்லத்தரசிகளைத் தூண்ட வேண்டும். (நம் வீட்டு அடுப்பங்கரையில் ஈரலும் குடலும் வந்தால் அன்று விருந்து. அந்த அமெரிக்கப் பெண்களுக்கோ அது அருவருப்பு.) சில குழுக்களுக்கு அதன் சத்து, சிக்கனம், தேசத்தின் தேவை, சமைக்கும் விதம் எல்லாவற்றையும் விளக்கி அருமையான சொற்பொழிவு செய்தார்கள். வேறு சில குழுக்களில் அதே விஷயத்தைப் பெண்களே கூடிப் பேசினார்கள். தங்கள் தயக்கங்களைச் சொன்னார்கள். முடிவில், சமைத்துப் பார்க்கச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கினார்கள். பின்னர் விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 100-க்கு 3 பேர் சமைத்திருந்தார்கள். பேசி முடிவு செய்தவர்களில் 100-க்கு 32 பேர். நம் மேடைப் பேச்சாளர்கள் இந்தக் கணக்கைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம். 42-வது அத்தியாயம் 38-வது வசனம் மூமின்களின் பண்புகளில் ஒன்றாகக் கலந்தாலோசனையைச் சொல்வதை வைத்துப் பார்த்தால், ‘மஷ்வரா’ நம் வீட்டுச் சொத்துத்தான். நிர்வாகக் கமிட்டியின் கூட்ட அறையில் அதைப் பூட்டி வைத்தது யார் என்பதுதான் கேள்வி.

நம் காவிரிப் பாசனப் பகுதியில் பிறந்தவர்களுக்கு இது புதிய பாடமும் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு ஊரே ஒரு பருவத்தில் நாற்று விட்டு, ஒரு பருவத்தில் நடுகிறது. ஒருவர் மட்டும் முந்திக்கொண்டு நட்டால், சுற்று வட்டாரத்து எலியும் குருவியும் அந்த ஒரு வயலில் வந்து இறங்கும். பிந்தி நட்டால், மற்றவர்கள் அறுவடைக்கு வயலைக் காய விடும் நேரத்தில் அவருக்குத் தண்ணீர் வேண்டியிருக்கும். எவ்வளவு நல்ல விவசாயியாக இருந்தாலும் தனியே நட்டவர் நஷ்டப்படுவார். அவரிடம் போய் ‘துணிவு இல்லையா உனக்கு?’ என்று கேட்பது விவசாயம் தெரியாதவர் பேச்சு. ஆடுதுறையில் 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் எத்தனையோ புதிய ரகங்களைத் தந்திருக்கிறது. அவற்றைப் பற்றிய துண்டுப் பிரசுரம் படித்து விதை வாங்கியவர்களைவிட, பக்கத்து வயலில் கதிர் சாய்ந்து நிற்பதைப் பார்த்து வாங்கியவர்களே அதிகம் என்று இப்பகுதிக் குடியானவர்கள் சொல்வார்கள்.

கைக்கூலி வாங்காமல் தனியே நிற்கும் இளைஞன் தனியே நட்ட வயல் போன்றவன். அவனைப் புகழலாம்; புகழத்தான் வேண்டும். ஆனால் ஊரில் எல்லோரும் அவனைப் போல் வீரனாக வேண்டும் என்று காத்திருந்தால், நம் பேரன் பேத்திகளின் காலத்திலும் அந்த அறைக்குள் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆப்பிரிக்காவில் செனகல் என்றொரு முஸ்லிம் நாடு. அங்கே சில பிரிவினரிடம், சிறு பெண் குழந்தைகளின் உடலை உயிருக்கே கேடு வரும் வகையில் வெட்டிச் சிதைக்கும் கொடிய வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. அப்படிச் செய்யாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்பதே தாய்மார்களின் பயம். ஒரு கல்வி அமைப்பின் வகுப்புகளில் சுகாதாரமும் உரிமைகளும் கற்ற மாலிகூந்தா பம்பரா என்ற ஊர்ப் பெண்கள், 1997 ஜூலை 31 அன்று அந்த வழக்கத்தை விட்டுவிட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். அவ்வளவில் நின்றிருந்தால் அந்த ஊர் தனித்துப் போயிருக்கும். பக்கத்தில் கெர் சிம்பரா என்ற ஊரின் இமாம் தெம்பா ஜவாரா என்பவர் முதலில் அந்தப் பெண்களின் செயலை ஏற்கவில்லை. பிறகு விசாரித்துத் தெளிந்தார். தெளிந்ததும் அவர் சொன்ன ஒரு விஷயத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ‘நாங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சம்பந்த ஊர்கள் பல இருக்கின்றன, அவர்களும் சேர்ந்து முடிவு செய்யாமல் ஓர் ஊர் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்களின் கதி என்னாவது?’ என்ற கருத்தை எடுத்து வைத்தார். முதிய வயதில் ஊர் ஊராக நடந்தார். 1998 பிப்ரவரியில் ஜபூகு என்னுமிடத்தில் 13 கிராமங்களின் பிரதிநிதிகள் கூடி ஒன்றாக அறிவித்தார்கள். அதன் பின்னர் ஆயிரக்கணக்கான கிராமங்கள் அந்த வழியில் வந்தன.

ஜெரி மாக்கி என்ற ஆராய்ச்சியாளர் 1996-லேயே இதற்கு வழி எழுதியிருந்தார். சீனாவில் பெண்களின் பாதத்தைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் பல நூற்றாண்டு வேரூன்றியிருந்தும், ஏறத்தாழ ஒரே தலைமுறையில் அழிந்தது எப்படி என்று அவர் ஆராய்ந்தார். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே தோன்றிய சங்கங்களில் சேர்ந்த குடும்பத்தார் இரட்டை உறுதி எடுத்தார்கள். எங்கள் மகளுக்குப் பாதம் கட்ட மாட்டோம். பாதம் கட்டிய பெண்ணை எங்கள் மகனுக்கு எடுக்கவும் மாட்டோம் என்பதே அது. இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி நிற்காது. நம் கூட்டங்களில் இளைஞர்களை எழுப்பி ‘வாங்க மாட்டோம்’ என்று மட்டும் சொல்ல வைக்கிறோம். பெண்ணைப் பெற்றவர்கள் ‘கேட்கிற இடத்தில் கொடுக்க மாட்டோம்’ என்று அதே சபையில், அதே நேரத்தில் சொல்வதில்லை.

முஸ்லிம் நாட்டிலேயே எடுத்த மற்றொரு கணக்கு 2020-ல் வெளியாயிற்று. சவூதியின் ரியாத் நகரில் 500 இளம் கணவன்மார்களிடம், பெண்கள் வெளியே வேலைக்குப் போவது பற்றி உங்கள் கருத்தென்ன, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கருதுகிறீர்கள் என்று இரண்டு கேள்விகள் கேட்டார்கள். பெரும்பாலோர் தாம் சம்மதிப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்றும் கருதினார்கள். சரியான எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டவர்களின் வீட்டுப் பெண்கள் அடுத்த சில மாதங்களில் வேலைக்கு விண்ணப்பிப்பது கூடிற்று. வேலைக்குப் போவதன் நன்மை தீமைக்குள் இங்கே நான் போகவில்லை. அந்த இரண்டு கேள்விகளைக் கவனியுங்கள் என்பதற்காகச் சொன்னேன். நமக்குப் பக்கத்திலேயே புதுக்கோட்டை, கரூர் மாவட்டங்களில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா பிக்கியேரி குழுவினர் ‘நம் நலவாழ்வு’ என்ற பெயரில் கழிப்பறைப் பழக்கம் பற்றி நடத்திய ஆய்வும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். நீ என்ன செய்கிறாய் என்பதோடு, அக்கம்பக்கத்தார் என்ன செய்கிறார்கள், எதைச் சரி என்று நினைக்கிறார்கள் என்று நீ எண்ணுகிறாய் என்பதையும் கேட்பது இவர்கள் முறை.

இனி, ஒரு முஸ்லிமுக்கு இயல்பாக எழ வேண்டிய ஐயங்களுக்கு வருவோம். முதலாவதும் பெரியதும் நிய்யத்தைப் பற்றியது. அமல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை என்பது நம் தீனின் அஸ்திவாரம். ஊரில் 100-க்கு 70 பேர் விரும்பவில்லை என்ற கணக்கைக் கேட்டு ஒருவர் கைக்கூலியை விடுகிறார் என்றால், அவர் அல்லாஹ்வுக்காக விட்டாரா, 70 பேருக்காக விட்டாரா? நேற்று வரை ஊருக்குப் பயந்து வாங்கினார். இன்று ஊருக்குப் பயந்து விடுகிறார். இதில் தக்வா எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நம் ஃபிக்ஹு நூல்கள் இங்கே ஒரு முக்கியமான பாகுபாட்டைக் காட்டுகின்றன. தொழுகை, நோன்பு போன்ற வணக்கங்களுக்கு நிய்யத் வேண்டும். உளூவுக்கு நிய்யத் ஃபர்ளா, ஸுன்னத்தா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. இரண்டு மத்ஹபினரும் அருகருகே வாழும் நம் பகுதியில் இது தெரிந்த விஷயம். ஆனால் துணியில் பட்ட நஜீஸைக் கழுவ நிய்யத் வேண்டும் என்று இரு மத்ஹபும் சொல்லவில்லை. மழையில் நனைந்து போனாலும் துணி சுத்தமாகிவிடும். பிறரிடமிருந்து பறித்த பொருளைத் திருப்பிக் கொடுத்தவனின் நிய்யத் என்னவாக இருந்தாலும் பொருள் உரியவருக்குச் சேர்ந்துவிடுகிறது. ஹராமை விடுவதற்கு நன்மை கிடைக்க நிய்யத் தேவை. பாவத்திலிருந்து நீங்க, விடுவதே போதும். கைக்கூலி நஜீஸின் இனத்தைச் சேர்ந்தது. அதை வெறும் மனத்தூய்மைப் பிரச்சினையாக்கி, ‘உள்ளம் சுத்தமாகும் வரை காத்திருப்போம்’ என்று சொன்னால், அதுவரை வயலையும் வீட்டையும் விற்றுக் கொடுக்கிற பெண்ணின் தகப்பனுடைய உரிமைக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. வாங்குகிறவரின் நிய்யத்தை நாம் ஏன் ஆராய்வதில்லை? ஊர் மதிக்க வேண்டும் என்று வாங்குவதும், ஊர் மெச்ச வேண்டும் என்று 100 பவுனைத் தட்டில் வைத்துக் காட்டுவதும் ரியா இல்லாமல் வேறென்ன? தனித்து நின்ற உள்ளத்தில் நாம் கொண்டு போய் ஊரை நுழைக்கவில்லை. ஊர் அங்கே முன்பே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் இல்லாத ஊர், கற்பனை ஊர். அதை எழுப்பி வெளியே அனுப்பினால்தான் நிய்யத்துக்கு இடம் கிடைக்கும். கைக்கூலி வாங்குவது வழக்கமில்லாத ஓர் ஊரில் அதை விடுகிறவனுக்கு முகஸ்துதியும் இல்லை, வீரப்பட்டமும் இல்லை. அவன் மஹர் கொடுக்கும்போது அல்லாஹ்வுக்காகக் கொடுப்பது எளிது.

அடுத்த ஐயம், மற்றவர் உள்ளத்தைத் துருவுவது பற்றியது. 49-வது அத்தியாயம் 12-வது வசனம் துப்புத் துலக்குவதைத் தடுக்கிறது. ஆகவே யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார் என்று வீடு வீடாகப் போய்க் குறிப்பெடுப்பதை ஆராய்ச்சி என்று சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். நடந்ததைக் கேட்க வேண்டியதே இல்லை. பெயர் எழுதாத சீட்டில், அவரவர் விரும்பி எழுதிப் போடும் கருத்தைக் கேட்பது வேறு. ஆனால் பெயரில்லாத சீட்டும் ஓர் அமானத். கையெழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பவர் அந்த அமானத்துக்குத் துரோகம் செய்கிறார்.

மூன்றாவது ஐயத்தை எழுப்பியது ஓர் ஆராய்ச்சியே. ரிச்சர்ட் ஷாங்க் என்பவர் அமெரிக்காவின் ஒரு சிற்றூரில் தங்கியிருந்து பார்த்தார். சபையில் சீட்டாட்டத்தையும் மதுவையும் கண்டித்த அவ்வூர்க் கிறிஸ்தவ அன்பர்கள், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றையே செய்தார்கள்; ஒவ்வொருவரும் மற்றவர்கள் உத்தமர்கள் என்று நினைத்திருந்தார்கள். ஆக, மூடியிருக்கும் உள்ளங்களைத் திறந்தால் எப்போதும் நல்லதே வெளிவரும் என்று சொல்ல முடியாது. நம் மஹல்லாவில் சீட்டை எண்ணும்போது 100-க்கு 60 பேர் ‘கைக்கூலி இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தால் என்ன செய்வது? அதை அறிவித்தால் தயங்கி வாங்குகிறவனும் துணிந்து வாங்குவான். பாவத்தை மறைப்பதை நம் மார்க்கம் விரும்புகிறது. அந்தக் கணக்கு மறைக்க வேண்டிய கணக்கு. இன்னும் எந்தப் பாடத்தை, யாரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று இமாமுக்கும் நிர்வாகிகளுக்கும் அது காட்டும். அதோடு நின்றுவிட வேண்டும். நல்ல காரியம்தானே என்று 40-ஐ 70 ஆக்கிச் சொல்லும் ஆசை அப்போது எழும். பொய்க் கணக்கின் மேல் எழுப்பிய சீர்திருத்தம் ஒரே ஒரு கல்யாணத்தில் இடிந்து விழும். பொய் சொன்ன பாவம் தனியே நிற்கும். எண்ணிக்கை ஹக்கை முடிவு செய்வதில்லை என்பதும் சொல்லாமலே விளங்கும். பூமியில் உள்ளோரில் பெரும்பாலோர் பின்னால் போவதைப் பற்றி 6-வது அத்தியாயம் 116-வது வசனம் எச்சரிக்கிறது. கைக்கூலி கூடாது என்று தீர்ப்பளிக்க எந்தச் சீட்டும் தேவையில்லை. எங்கே அடைப்பு இருக்கிறது என்று பார்க்கத்தான் சீட்டு.

13-வது அத்தியாயம் 11-வது வசனத்தை நம் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நிலைமை மாறுவதை, மனங்களில் உள்ளது மாறுவதோடு அது இணைக்கிறது. அதைச் சொல்லும் இடத்தில் தனி மனிதனைக் குறிக்கும் சொல் வரவில்லை. ‘கவ்ம்’ என்ற சொல் வருகிறது. உள்ளங்கள் என்று பன்மையில் வருகிறது. ஒவ்வோர் உள்ளமும் தனித்தனியே மாறி, மற்ற உள்ளம் மாறியதை அறியாமல் இருந்தால் கவ்ம் மாறியதாகுமா?

நம் பகுதியில் செய்யக்கூடியது கஷ்டமான காரியம் இல்லை. ஜமாஅத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு. இரண்டே கேள்வி. கைக்கூலி நம் மஹல்லாவில் நிற்க வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்களா? நம் மஹல்லாவில் 10 பேரில் எத்தனை பேர் அப்படி விரும்புவார்கள் என்று நினைக்கிறீர்கள்? இதே சீட்டு வீட்டில் உள்ள பெண்களுக்கும் போக வேண்டும். ஜும்ஆவுக்கு வருபவர்களிடம் மட்டும் கேட்டால் பாதி ஊரைத்தான் கேட்டதாகும். கல்யாணத்தில் எது எவ்வளவு என்று முடிவாகிற இடம் பெரும்பாலும் மாமியார் உட்கார்ந்திருக்கும் உள் கூடம். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் யோசனையை ஏற்ற உம்மத், தன் வீட்டுப் பெண்களின் யோசனையைக் கேளாமல் இந்தக் காரியத்தை முடிக்க முடியாது. பெண்களின் சீட்டைப் பெண்களே எண்ணட்டும்.

ஒரு மஹல்லாவோடு நிற்கவும் கூடாது. சோழபுரத்துப் பெண் திருமங்கலக்குடிக்குப் போகிறாள்; ஆடுதுறை மாப்பிள்ளைக்குக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் பெண் பார்க்கிறார்கள். செனகல் இமாமைப் போலச் சம்பந்த ஊர்களை யாராவது நடந்து இணைக்க வேண்டும். ஊர்விலக்கு, நிக்காஹ் தஃப்தர் தர மறுப்பது போன்ற தண்டனைகளைச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கைக்கூலி வாங்கியதால் நிக்காஹ் செல்லாமல் போய்விடுவதில்லை. தஃப்தர் மறுத்தால் முதலில் தெருவில் நிற்பது அந்தப் பெண்தான். கைக்கூலி வாங்கும் வீட்டு விருந்துக்குப் போவதில்லை என்று சில அமைப்பினர் நடந்து வருகிறார்களே, அந்த அளவு அவரவர் விருப்பத்தில் செய்துகொள்ளலாம்.

கடைசியாக, எல்லாப் பேச்சின் முடிவிலும் எழுகிற குரல் ஒன்று உண்டு. ‘இரண்டு பெண்ணுக்கு விற்றுக் கொடுத்தேன். இப்போது மகனுக்கு வாங்கும் முறை வரும்போதுதானா ஊர் திருந்த வேண்டும்?’ இவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அவர் கொடுத்தது உண்மை, இழந்தது உண்மை, எந்தக் கணக்கெடுப்பும் அதைத் திருப்பித் தராது. வழக்கம் நிற்கும் வருஷத்தில் வரிசையின் கடைசியில் நிற்பவர் ஒருவர் இருந்தே தீருவார். வட்டி ஒழிக்கப்பட்டபோதும் அப்படித்தான். அசல் மட்டும் உரியவருக்கு. வர வேண்டிய வட்டி போயிற்று. ஹிஜ்ரி 10-ல் இறுதி ஹஜ்ஜின்போது அரஃபாத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அதை அறிவித்தார்கள். அறியாமைக் கால வட்டிகளில் முதலாவதாக அவர்கள் தள்ளுபடி செய்தது, தங்கள் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வர வேண்டியிருந்த வட்டியை.